சங்கத்தின் இணையதளம்: சாவி யார் கையில்?

மாட்டுங்கா, செம்பூர், தாராவி, சயான், முலுண்டு, டோம்பிவிலி என்று ரயில் போகும் வழியெல்லாம் நம்மவர்களின் மன்றங்களும் சமாஜங்களும் ஊர்ச் சங்கங்களும் இயங்கிவருகின்றன. இவற்றின் பொதுக்குழுக் கூட்டங்களில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறும் தீர்மானம் ஒன்று உண்டென்றால் அது, "சங்கத்துக்கு ஒரு நல்ல இணையதளம் வேண்டும்" என்பதுதான். சந்தாவை அதிலேயே கட்டலாம். கல்வி உதவிக்கு அதிலேயே விண்ணப்பிக்கலாம். வரன் தேடுவோர் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டு விழாப் படங்களைப் பார்த்து மகிழலாம். கேட்கவே இனிமையாக இருக்கும். கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்வார். பொங்கல் விழா மேடையில் சிறப்பு விருந்தினர் ஒரு பொத்தானை அழுத்தித் தொடங்கிவைப்பார். கைதட்டல் எழும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே முகவரியைத் தட்டிப் பாருங்கள். பல சங்கங்களின் பக்கம் திறப்பதே இல்லை. திறந்தாலும் முந்தைய தலைவரின் படம்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. விசாரித்தால், "அந்தத் தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது" என்று பதில் வரும்.

தம்பியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சம்பளம் இல்லாமல், தன் விடுமுறை நாளைச் செலவிட்டு அவர் செய்தது தொண்டு. குறை நம் கமிட்டிகளிடம் இருக்கிறது. இணையதளத்தை நிறுவுவது இன்று தெரிந்தவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதை யார் பெயரில் நிறுவுவது, சாவி யாரிடம் இருப்பது, அடுத்தவரிடம் எப்படி ஒப்படைப்பது என்று முடிவு செய்வது சங்கத்தின் வேலை. இந்த இரண்டாவது வேலை முடியாத வரை பொத்தானை அழுத்தவே கூடாது என்பது என் கருத்து.

அணைக்கக் கூடாத கணிப்பொறி

கணிப்பொறி பழகாத பெரியவர்களுக்காகச் சில வரிகள். நாம் கைப்பேசியில் பார்க்கும் எந்த இணையதளமும் எங்கோ ஓர் இடத்தில் இரவு பகலாக விழித்திருக்கும் கணிப்பொறி ஒன்றிலிருந்து வருகிறது. அதை சர்வர் என்கிறோம். தமிழில் வழங்கி என்று சொல்கிறார்கள். விழா அறிவிப்பைக் காட்டுவதோடு நின்றுவிட்டால் அது வெறும் பக்கம். நாம் எழுதித் தரும் விவரத்தை வாங்கி, சேமித்து, கணக்குப் பார்த்து, ரசீது தருமானால் அது செயலி. சந்தா வசூலும் கல்வி உதவி விண்ணப்பமும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பக்கம் என்பது சுவரில் ஒட்டிய நோட்டீஸ். செயலி என்பது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. நோட்டீஸ் நனைந்தால் இன்னொன்று ஒட்டலாம். குமாஸ்தாவிடம் ஜனங்களின் பணமும் விவரமும் இருக்கிறது.

உலகின் முதல் இணைய வழங்கி 1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீயின் மேஜை மீது இயங்கத் தொடங்கியது. அந்தக் கணிப்பொறியின் மேல், 'இது சர்வர், இதை அணைத்துவிடாதீர்கள்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சிவப்பு மையால் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. உலகையே இணைக்கப் போகும் இயந்திரத்துக்கு அன்று இருந்த பெரிய ஆபத்து, விவரம் தெரியாமல் யாராவது சுவிட்சை அணைத்துவிடுவதுதான்! இன்றும் அந்த ஆபத்து மாறவில்லை. இயந்திரம் கெட்டுப்போய் நிற்கும் சங்கத் தளங்கள் குறைவு. விவரம் தெரிந்தவர் போய்விட்டதால் நிற்பவையே அதிகம்.

குடிசை, பகடி, சொந்த ஃபிளாட்

வீட்டுப் பத்திரத்தின் அருமையை மும்பைத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாராவியில் குடியிருப்பவர், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தாம் அங்கே வாழ்வதற்கான காகிதத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி கொடுத்துக் குடியேறிய குடும்பங்கள், வீடு தமக்கும் சொந்தம், வீட்டுக்காரருக்கும் சொந்தம் என்ற நிலையில் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. செம்பூரில் ஃபிளாட் வாங்கியவர், சொசைட்டியின் ஷேர் சர்டிபிகேட்டில் தம் பெயர் ஏறும்வரை நிம்மதியாகத் தூங்குவதில்லை.

இணையத்திலும் இந்த மூன்று வகைக் குடியிருப்புகள் இருக்கின்றன.

முதல் வகை, பெரிய நிறுவனம் இலவசமாகத் தரும் இடம். வாடகை இல்லை, உரிமையும் இல்லை. இடத்துக்குச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் சேவை உலகெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இலவசப் பக்கம் கொடுத்தது. தமிழில் எழுந்த ஆரம்பகாலப் பக்கங்கள் பலவும் அங்கேதான் இருந்தன. 1999-ல் அதை யாஹூ நிறுவனம் வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. ஆர்வலர்கள் ஓடிப்போய்ப் படியெடுத்துக் காப்பாற்றியவை போக மற்றவை மறைந்தன. நம் இளைஞர்கள் கூடிப் பேசிய ஆர்குட்டும் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அங்கே எழுதியவர்களில் யாரும் தவறு செய்யவில்லை. இடம் அவர்களுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வகை, ஒரே பெரிய வழங்கியில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்து வாடகை வாங்கும் ஏற்பாடு. சாலில் ஓர் அறை எடுத்ததைப் போல. குழாயும் நடையும் பொது. பக்கத்து அறைக்காரர் செய்யும் காரியத்தால் நமக்கும் தொல்லை வரலாம். ஆனால் அறிவிப்பும் படங்களும் மட்டும் உள்ள சங்கத்துக்கு இதுவே போதுமானது, செலவும் குறைவு.

மூன்றாம் வகை, நமக்கென்றே ஒதுக்கப்பட்ட மெய்நிகர் வழங்கி. பெரிய இயந்திரத்தைப் பல தனி வீடுகளாகத் தடுத்து, ஒன்றின் சாவியை நம்மிடம் தந்துவிடுகிறார்கள். உள்ளே எந்த மென்பொருளை வைப்பது, எந்தக் கதவைத் திறப்பது, யாரை உள்ளே விடுவது எல்லாம் நம் பொறுப்பு. சில ஆயிரம் உறுப்பினர்கள் உள்ள சங்கத்துக்கு 1 கிகாபைட் நினைவகம் கொண்ட சிறிய வழங்கியே தாராளம். வாடகை மாதம் 500 ரூபாயைச் சுற்றி வரும். விழாவுக்கு நாம் கட்டும் பேனர்களின் செலவை எண்ணிப் பார்த்தால் இது ஒரு தொகையே அல்ல.

இந்த மூன்றில் எது என்று தேர்ந்தெடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது பெயர்ப் பதிவு.

பெயர்தான் பத்திரம்

இணைய முகவரியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். டாட்காம் போன்ற முகவரிகளை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் பதிவு நிறுவனம் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கும். பிறகு கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் தவணை உண்டு. அதற்கும் பின் 5 நாளில் அந்தப் பெயர் சந்தைக்கு வந்துவிடும். முதலில் கேட்டவருக்கு அது சொந்தம். சங்கத்தின் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடினாலும் நாம் கேட்க முடியாது.

ஆகவே பதிவு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் தனி ஒருவருடையதாக இல்லாமல், 'செயலாளர்' என்ற பதவிக்கு உரியதாக இருக்க வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கம். அந்த மின்னஞ்சலே சங்கத்தின் முகவரியில் இயங்கினால், முகவரி காலாவதியாகும்போது எச்சரிக்கைக் கடிதம் வரும் வழியும் அடைபட்டுவிடும். எனவே எச்சரிக்கை வெளியிலுள்ள இன்னொரு மின்னஞ்சலுக்கும் பொருளாளரின் கைப்பேசிக்கும் போகும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்திய முகவரியான டாட் இன் பதிவு 2005 தொடக்கத்தில் எளிதாக்கப்பட்டது. அதற்கு முன் அந்தப் பதிவேட்டைப் பராமரித்தது நம் மும்பையிலேயே ஜூஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இன்று புள்ளிக்குப் பின் 'இந்தியா' என்று தமிழிலேயே முகவரி பெறும் வசதியும் இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட அவ்வாறே தமிழில் முகவரிகள் உண்டு. ஆங்கில முகவரியோடு தமிழ் முகவரியையும் பதிவு செய்து இரண்டையும் ஒரே வழங்கிக்குத் திருப்பிவிடலாம். செலவு சிறிது, நிறைவு பெரிது.

எங்கே வைப்பது?

"வாடகை எதற்கு? சங்க அலுவலகத்தில் ஒரு கணிப்பொறி சும்மாதானே இருக்கிறது?" என்று கேட்கும் சிக்கனக்காரர் ஒவ்வொரு கமிட்டியிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு இரண்டு தேதிகளை நினைவூட்டினால் போதும். 2005 ஜூலை 26: சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தரைத்தளத்தில் வைத்த எதுவும் பல இடங்களில் மிஞ்சவில்லை. அவ்வளவு மழைகூட வேண்டாம். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் நிற்க ஒரு சாதாரண ஜூலை மாதமே போதும். 2020 அக்டோபர் 12: மின்வெட்டையே அறியாத நகரம் என்று பெயரெடுத்த மும்பையில் காலை 10 மணி அளவில் மின்சாரம் போய் ரயில்கள் நின்றன.

இதற்கெல்லாம் தயாராகக் கட்டப்பட்டவை தரவு மையங்கள். இரட்டை மின்இணைப்பு, ஜெனரேட்டர், குளிரூட்டல், காவல் எல்லாம் அங்கே உண்டு. அவற்றுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது தொலைபேசி வழியாக ஆமை வேகத்தில் எழுத்துகள் வந்த அதே ஊரில், 2016 ஜூனில் அமேசான் நிறுவனம் தன் இந்திய வழங்கி மையத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கூகுளும் வந்தது. நவி மும்பையில் இன்று தரவு மையங்கள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. இந்தியாவுக்கு வரும் கடலடிக் கேபிள்களில் பெரும்பாலானவை மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகின்றன. நாம் பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் உலகத்தோடு பேசும் இரு வாசல்களாக இருப்பது நமக்குப் பெருமைதானே!

கட்டமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

வழங்கியை எடுத்தாயிற்று. இனித் தம்பிகளின் வேலை. இதைக் கமிட்டி உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்யத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரிய வேண்டும் அல்லவா?

முதல் கேள்வி: "எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிறீர்களா?" ஆம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வழங்கிக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். பாஸ்வேர்டு வழியை மூடிவிட்டு, சாவிக் கோப்பு முறையை வைக்க வேண்டும். இதில் பூட்டு வழங்கியில் இருக்கும். சாவி அவரவர் கணிப்பொறியில் இருக்கும். ஒருவர் விலகினால் அவருடைய பூட்டை மட்டும் கழற்றினால் போதும். மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை. எல்லா அதிகாரமும் கொண்ட 'ரூட்' கணக்கில் வெளியிலிருந்து நேரடியாக யாரும் நுழைய முடியாதபடி அடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது: "எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன?" இணையப் பக்கத்துக்கு 80, 443 என்ற இரண்டு வாயில்கள், பராமரிப்புக்கு 22 என்ற ஒன்று. இவை போதும். உறுப்பினர் விவரங்கள் இருக்கும் தரவுத்தளத்தின் வாயில் வெளியுலகுக்குத் திறந்திருக்கவே கூடாது. வழங்கியை வைத்த சில நிமிடங்களிலேயே உலகின் எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும். நம் சங்கத்தின் மேல் அவற்றுக்குத் தனிப் பகை ஒன்றும் இல்லை. எல்லா வீட்டுக் கதவையும் அவை தட்டுகின்றன. திறந்த வீட்டில் நுழைகின்றன.

மூன்றாவது: "தளம் பாதுகாப்பான இணைப்பில் திறக்கிறதா?" அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது. தொடக்கத்தில் 90 நாளாக வகுக்கப்பட்ட அதன் சான்றிதழ்களின் ஆயுள் குறுகியது. ஆகவே தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்து, அது உண்மையில் நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய மென்பொருள்களும் லினக்ஸ் இயங்குதளமும் இலவசமே. லினக்ஸில் ஐந்தாண்டு பராமரிப்பு உள்ள நெடுங்காலப் பதிப்பாகத் தேர்ந்தெடுத்தால் அடிக்கடி வீடு மாற்றும் வேலை இருக்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தாமாகவே ஏறும்படி வைக்கலாம். இயந்திரம் எப்போதாவது தானாக நின்று மறுபடி இயங்கினால், நம் செயலியும் யாரும் தொடாமல் தானே எழுந்து நிற்கிறதா என்பதையும் ஒருமுறை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது நம் மொழி சம்பந்தப்பட்டது. ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். ஒருவர் தட்டச்சு செய்தது இன்னொருவர் கணிப்பொறியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். இன்று யூனிகோடு அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. தமிழக அரசும் 2010 ஜூனில் அதை ஏற்றது. தரவுத்தளம், செயலி, பக்கம், பணம் பெற்றதற்கான ரசீது ஆகிய நான்கும் யூனிகோடில் இருந்தால்தான் 'ழ'கரம் வழியில் தொலைந்துபோகாமல் வந்து சேரும்.

அதோடு, விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள்! மும்பைப் பள்ளிகளிலும் வங்கிகளிலும் இந்தக் கட்டத்தால் நாம் பட்ட பாடு போதும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, ஊர்ப் பெயரை அப்பா பெயராக்கி, ஒரே ஆளுக்கு ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிட்ட குடும்பங்கள் எத்தனை! நம் சங்கத்தின் செயலியாவது முன்னெழுத்தையும் பெயரையும் நாம் எழுதும் முறையிலேயே வாங்கிக்கொள்ளட்டும். சொந்தமாக வைத்துக்கொள்வதன் சுகம் இதுதான்.

ஒரே படி போதாது

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும், வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே படியாக இருந்த எதையும் மீட்க முடியவில்லை. அந்த வலியை அறிந்த ஈழத்தமிழர்கள் 2005-ல் நூலகம் என்ற மின்நூலகத்தைத் தொடங்கி, கையில் கிடைத்த ஒவ்வொரு நூலையும் இதழையும் மின்படியாக்கி வருகிறார்கள்.

நெருப்பு தரவு மையங்களையும் விடுவதில்லை. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். என்ற பெரிய நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. மாற்றுப் படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். வழங்கி நவி மும்பையில் இருந்தால் அன்றாடப் படி சென்னையிலோ வேறு ஊரிலோ இருக்கட்டும். மாதத்துக்கு ஒன்று, சங்க அலமாரியில் பூட்டிய வட்டிலும் இருக்கட்டும். படி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படியிலிருந்து புது வழங்கி ஒன்றில் தளத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பிப் பார்க்காத படி, பிரித்துப் பார்க்காத மூட்டை.

இதற்கு நல்ல முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் இலக்கியங்களை இலவசமாக வழங்கிவருகிறது. தொடங்கியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்திலும் மற்றவர் அமெரிக்காவிலும் இருந்தார்கள். எழுத்துருத் தரம் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது நூல்களையும் மாற்றினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அது நிற்பதற்குக் காரணம் விலையுயர்ந்த இயந்திரம் அல்ல. யாரும் படியெடுத்துப் பாதுகாக்கும்படி எளிய வடிவில் நூல்களை வைத்ததும், தட்டச்சு, பிழைதிருத்தம், பராமரிப்பு என்று வேலையைப் பலர் கையில் பிரித்துக் கொடுத்ததுமே காரணம்.

எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

கல்வி உதவி கேட்கும் தாய் தன் வருமானத்தையும், கணவர் உடன் இருக்கிறாரா என்பதையும், மகளின் கைப்பேசி எண்ணையும் நம்மை நம்பி எழுதுகிறார். வரன் பதிவில் ஜாதகமும் படமும் வருகின்றன. இவை வெளியே கசிந்தால் சங்கத்தின் மானம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குடும்பம் படும் வேதனைக்கு ஈடு ஏது? 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரத்தை என்ன காரணத்துக்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, காரியம் முடிந்ததும் நீக்கிவிட வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. சட்டம் சொல்லாவிட்டாலும் அதுதான் நாகரிகம். ஆதார் எண் தேவையில்லை என்றால் கேட்காதீர்கள். கேட்காத விவரம் திருடு போகாது.

இங்கே நான் வெளிப்படையாக ஒன்று சொல்லியாக வேண்டும். வழங்கியைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர் கிடைக்காத சங்கம் சொந்தச் செயலி தொடங்க வேண்டாம். ஒருவர் போதாது, கட்டாயம் இருவர். அதுவரை அறிவிப்பும் தொலைபேசி எண்ணும் உள்ள எளிய பக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தைக் காகிதத்திலேயே வாங்கலாம். காகிதத்தில் ஒரு வெட்கமும் இல்லை. பராமரிக்க ஆளில்லாத செயலி, பூட்டில்லாத பீரோ.

வாட்ஸ்அப் போதாதா?

"எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே" என்பார்கள். உண்மைதான், செய்தி பரப்ப அதற்கு நிகரில்லை. ஆனால் ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. மூன்று ஆண்டுக்கு முன் யாருக்கு எவ்வளவு உதவித்தொகை கொடுத்தோம் என்று அதில் தேடி எடுக்க முடியுமா? காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மரண அறிவிப்பு புதைந்துபோவதை நாம் தினமும் பார்க்கிறோம். அது தெருமுனைப் பேச்சு. பேச்சு வேண்டும்; பதிவேடும் வேண்டும்.

பதிவேடு ஏன் இன்று மிக அவசரம் என்பதற்குத் தாராவியே சாட்சி. சீரமைப்புத் திட்டத்துக்கான ஒப்பந்தப்புள்ளியில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன் வந்த தரைத்தளக் குடியிருப்பாளர்களுக்குத் தாராவியிலேயே வீடு. பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வீடு என்பது திட்டத்தின் அடிப்படை. திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். ஒரே சந்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் நாலாபுறமும் பிரியப் போகிறார்கள் என்பது தெளிவு. பொங்கலுக்கு ஒரே பானையைச் சுற்றி நின்றவர்கள் இனி வெவ்வேறு ஸ்டேஷன்களில் இறங்குவார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தபோது ஊர்ப் பெயர் நம்மைச் சேர்த்துவைத்தது. பிறகு சால் சேர்த்துவைத்தது, தெரு சேர்த்துவைத்தது. தெருவே இல்லாமல் போகும்போது எந்த முகவரிக்கு வந்து, "என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட உதவி வேண்டும்" என்று ஒரு தாய் கேட்பார்? அந்த முகவரி சங்கத்தின் இணைய முகவரியாக இருக்கலாம். அப்படியானால் அது இரண்டு ஆண்டில் அணைந்துவிடும் முகவரியாக இருக்கக் கூடாது.

பொத்தானை அழுத்தும் முன்

அடுத்த பொதுக்குழுவில் "இணையதளம் வேண்டும்" என்ற ஒருவரித் தீர்மானத்தோடு நின்றுவிடாதீர்கள். முகவரி சங்கத்தின் பெயரில், ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் பதிவாகட்டும். வழங்கி வாடகையை யாருடைய சொந்தக் கார்டிலிருந்தும் கட்டாமல், சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து கட்டும் ஏற்பாடு நடக்கட்டும். பராமரிக்கும் இருவரின் பெயர் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறட்டும்; அவர்களில் ஒருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். எந்தக் கணக்கு எந்த நிறுவனத்தில், எப்போது புதுப்பிக்க வேண்டும், படி எங்கே இருக்கிறது, இயந்திரம் நின்றால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, மூடி முத்திரையிட்ட உறையில் சங்கப் பத்திரங்களோடு வைக்கட்டும். புதிய கமிட்டி பொறுப்பேற்கும் நாளில் பீரோ சாவி, ரசீது புத்தகம், வங்கிக் காசோலை ஆகியவற்றோடு அந்த உறையும் கைமாறட்டும்.

தொடங்குவதிலும் அவசரம் வேண்டாம். மேடையில் அறிவிக்க ஒரு மாதத்துக்கு முன்பே, தற்காலிக முகவரி ஒன்றில் செயலியை ஏற்றிப் பத்துக் குடும்பங்களைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கைப்பேசி வைத்திருக்கும் தாராவி அக்கா ஒருவர், மூக்குக் கண்ணாடி போட்ட செம்பூர் பெரியவர் ஒருவர், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத மாட்டுங்கா மாணவி ஒருத்தி, இவர்கள் மூவரும் யார் உதவியும் இல்லாமல் விண்ணப்பத்தை நிரப்ப முடிந்தால் தளம் தயார். முடியாவிட்டால் திருத்துங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் விண்ணப்பங்கள் குவியும். பரிசோதனைக்கு உரிய காலம் அது அல்ல.

இந்த ஊரில் நம் முன்னோர் கட்டிய பள்ளிகளும் கோயில்களும் நூல்நிலையங்களும் இன்றும் நிற்கின்றன. மாட்டுங்காவில் 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்று பல கல்லூரிகளாக வளர்ந்திருக்கிறது. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை, நிறுவனம் இருக்கிறது. பதிவு, டிரஸ்ட், கணக்கு, வாரிசு என்று அவர்கள் அன்றே ஒழுங்காக எழுதிவைத்ததன் பலன் அது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் காட்டிய அந்த அக்கறையில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறிய வழங்கிக்கும் காட்டுவோம். பொத்தானை அழுத்தச் சிறப்பு விருந்தினரை அழைக்கும் முன், சாவி யார் கையில் என்று கமிட்டியைக் கேட்போம்.